ரமலானா, ரம்ஜானா? தமிழிலுள்ள அரபுச் சொல் எந்த வழியாக வந்தது என்று கண்டறிய

சென்னையில் நோன்பு மாதத்துக்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. காயல்பட்டினம், கீழக்கரைப் பூர்வீகமுள்ள மண்ணடிக் குடும்பங்களில் ரமலான். உருது பேசும் திருவல்லிக்கேணி வீடுகளில் ரம்ஜான். இரண்டும் ஒரே அரபுச் சொல். ஒன்று கடல் வழியாக நேராக வந்தது. மற்றது பாரசீகத்தையும் உருதுவையும் கடந்து நிலத்தின் வழியாக வந்தது. ஒரு சொல் எந்த வழியில் வந்தது என்பதை அதன் ஒலியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது, தமிழ் மதரசாக்களில் ‘ளாத்’ என்று சொல்லித் தரப்படும் அரபு எழுத்து. ரமலானில் ல ஆகவும் ரம்ஜானில் ஜ ஆகவும் இருப்பது அதுதான். இன்றைய பொது அரபில் அது அழுத்திச் சொல்லும் ‘த’ போல ஒலிக்கிறது. பழைய ஒலி வேறு. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் அரபு இலக்கணத்தை வகுத்த சீபவைஹி, நாவின் விளிம்பு கடைவாய்ப் பற்களை ஒட்டுமிடத்தில் அது பிறக்கிறது என்கிறார். நம் ல, ள போல நாவின் பக்கத்தில் காற்று கசியும் ஒலி அது. கடலோடு வந்த அரபில் இந்தச் சாயல் தங்கிவிட்டது. தமிழில் ரமலான், ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்), பர்ளு (கட்டாயக் கடமை). மலாயில் பர்ளு ‘பெர்லு’ ஆகி, ‘தேவை’ என்ற அன்றாடச் சொல்லாகவே மாறியது. 711இல் அரபுப் படைகள் நுழைந்த ஸ்பெயினில், ‘அல்’ என்ற முன்னொட்டோடு சேர்ந்த ‘காளி’ (நீதிபதி) ‘அல்கால்டே’ ஆயிற்று. இன்று அங்கே நகரத் தலைவருக்கு அதுதான் பெயர். பாரசீகர்களோ இதே எழுத்தை ‘ஸ்’ஸின் அதிர்வொலியாக, ஆங்கில ‘ஜீப்ரா’வின் முதல் ஒலி போல உச்சரித்தார்கள். தமிழில் அது ஜ ஆனது. ரம்ஜான், ஜில்லா, ஜாமீன், ஜப்தி, ஆஜர், மாஜி எல்லாம் அப்படி வந்தவை.

ஆகவே விதி எளிது. மூலத்தில் ளாத் இருந்து தமிழில் ல அல்லது ள வந்தால் கடல் வழி. ஜ வந்தால் பாரசீக வழி. அதன் இணை எழுத்தான ‘ளா’வுக்கும் இது பொருந்தும். நண்பகல் தொழுகை தமிழில் லுஹர், உருதுவில் ஜுஹர்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஜ இருந்தாலே ளாத் என்று எழுதிவிடக் கூடாது. அரபின் ஐந்து வெவ்வேறு எழுத்துகள் தமிழில் ஜ ஆகியிருக்கின்றன. ஜவாபில் உள்ளது அரபின் சொந்த ஜீம். கஜானாவில் உள்ளது ஜாய். அரபே அல்லாதவையும் உண்டு. ஜமீன் பாரசீகம், ஜன்னல் போர்த்துகீசியம். ஜமீனையும் ஜாமீனையும் உடன்பிறப்பாக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. முன்னது நிலம் என்ற பாரசீகச் சொல், பின்னது பொறுப்பேற்பவர் என்ற அரபுச் சொல்.

அதனால் மூல எழுத்துக்கூட்டலைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் உருதுவிலிருந்து வந்தது, அரபிலிருந்து வந்தது என்று குறிப்புத் தருகிறது. ஆனால் அது ‘உருது’ என்றால், தமிழ் அதை உருதுவிடம் வாங்கியது என்று மட்டுமே பொருள், அதோடு நின்றுவிடாதீர்கள். அடுத்து, பிளாட்ஸ் 1884இல் வெளியிட்ட உருது அகராதியைத் திறந்து அந்த உருதுச் சொல்லைத் தேடுங்கள். சொல் அரபா பாரசீகமா என்ற அடையாளமும் அரபு எழுத்திலேயே எழுதிய வடிவமும் அங்கே இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம். இதற்கு அரபின் 28 எழுத்துகளையும் அடையாளம் காணத் தெரிய வேண்டும். அந்த உழைப்புக்கு மாற்று கிடையாது.

ளாத் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லின் வாலையும் பாருங்கள். தார், நாமா, பந்தி ஆகியவை பாரசீக ஒட்டுகள். தாசில்தார், ராஜினாமா, ஜமாபந்தி மூன்றிலும் தலை அரபு, வால் பாரசீகம். அவை பாரசீக வழி என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘அத்து’ என்ற முடிவை நம்ப முடியாது. மராமத்து அலுவலகத்தோடு வந்த சொல், பரக்கத்து (இறையருள்) பள்ளிவாசலோடு வந்தது. இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன.

அலுவலகச் சொற்கள் இத்தனை அரபாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உமையா கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், 700ஐ ஒட்டி, வரிக் கணக்குகள் கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் எழுதப்படுவது நின்று அரபுக்கு மாறின. பாரசீகம் பின்னர் தன் இடத்தை மீட்டபோதும் அரபுச் சொற்களைக் கைவிடவில்லை. முகலாயர் ஆட்சியும் ஆற்காட்டு நவாப்புகளும் நடத்திய நிர்வாகம் அந்தப் பாரசீகத்தில்தான் நடந்தது. 1837இல் கம்பெனி ஆட்சி பாரசீகத்தை அலுவல் மொழியிலிருந்து நீக்கியது. வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, வாரிசு எதுவும் நம் தாலுகா அலுவலகங்களை விட்டுப் போகவில்லை.

அடுத்தது வேர். அரபுச் சொல்லுக்குப் பெரும்பாலும் மூன்று மெய்கள் அடித்தளம். மகசூலும் தாசிலும் ஒரே வேர்: ஹ-ஸ-ல. ஓசை ஒத்துப்போவதால் வசூலையும் அவற்றோடு சேர்க்கத் தோன்றும். அதன் வேர் வ-ஸ-ல, குடும்பம் வேறு. குழப்பத்துக்குக் காரணம் தமிழ் ‘ஹ’வை நடத்தும் விதம். மகசூலில் அது க ஆனது, தாசிலில் கரைந்தது, ஆஜரிலும் அல்வாவிலும் முதலிலேயே உதிர்ந்தது. ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்ற ஜெர்மானிய அறிஞர் தொகுத்த அரபு அகராதி, சொற்களின் வேர் வரிசையில் அமைந்தது என்பதால் சரிபார்க்க அதுவே ஏற்றது. ‘மகசூல்’ மகரத்தில் கிடைக்காது. ‘ஹ’வில் தேட வேண்டும்.

ஐரோப்பிய வழியையும் மறக்க வேண்டாம். ஆல்ஜீப்ரா, ஆல்கஹால் ஆகியவற்றில் அரபின் ‘அல்’ அப்படியே ஒட்டியிருக்கிறது. கஜானாவும் மேகசினும் ‘சேமித்து வைத்தல்’ என்ற ஒரே வேரில் பிறந்து, ஒன்று பாரசீகம் வழியாகவும் மற்றது ஐரோப்பா வழியாகவும் சென்னை வந்தவை.

ஒலியும் ஒட்டும் கைகொடுக்காதபோது பொருளைப் பின்தொடருங்கள். அரபில் ‘தக்ரார்’ திரும்பச் செய்தல் மட்டுமே. உருதுவில்தான் அது சச்சரவும் ஆயிற்று. தமிழின் தகராறு சச்சரவு என்பதால் உருது வழி உறுதி. இலாகாவும் அப்படியே. அரபில் தொடர்பு, உருதுவில் ஒருவரின் அதிகாரத்துக்குட்பட்ட பகுதி, தமிழில் அரசுத் துறை. இடையிலுள்ள உருதுப் படியை விட்டுவிட்டால், தொடர்பு எப்படித் துறையானது என்று விளக்கவே முடியாது.