புது பிராசஸரை மதர்போர்டு தவறாகக் காட்டுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது பிராசஸரைப் பொருத்தி, கேபினெட்டை மூடும் முன்பே ஒருமுறை ஆன் செய்து பார்ப்போம். திரை வருகிறது. ஆனால் வாங்கிய மாடலின் பெயருக்குப் பதிலாக வேறு ஏதோ மாடல் தெரிகிறது. அல்லது ‘அன்னோன் பிராசஸர்’ என்று வருகிறது. அதுவும் இல்லையென்றால் பெயர் சரி, வேகம் பாதி. இந்த இடத்தில் பெரும்பாலானோர் உடனே செய்வது, கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸை அப்டேட் செய்வது. சில நேரம் அதுதான் தீர்வு. ஆனால் தவறாகச் சொல்வது யார் என்று பார்க்காமல் பயாஸில் கைவைப்பதுதான் முதல் தவறு.

பெயர் எங்கிருந்து வருகிறது?

பிராசஸருக்குள்ளேயே அதன் குடும்பம், மாடல், ஸ்டெப்பிங் (திருத்தப் பதிப்பு) என்று சில எண்கள் பதிந்திருக்கும். சிபியுஐடி என்ற கட்டளையால் எந்த மென்பொருளும் அவற்றைக் கேட்டு வாங்கலாம். நாம் படிக்கிற நீளமான வணிகப் பெயர் வேறு. அது 48 பைட் நீளமுள்ள ஒரு எழுத்துச்சரம். இன்டெல்லில் பென்டியம் 4 காலத்திலிருந்து இது சில்லிலேயே (பிராசஸர் சிப்பிலேயே) இருக்கிறது. ஏஎம்டியின் அத்லான் 64 போன்றவற்றில் கணினி ஆன் ஆகும்போது பயாஸ்தான் இந்தப் பெயரை எழுதி வைக்கும். பயாஸுக்குத் தெரியாத சில் வந்து உட்கார்ந்தால் எழுதப் பெயர் இருக்காது. அந்தக் காலத்துத் திரைகளில் ‘ஏஎம்டி பிராசஸர் மாடல் அன்னோன்’ என்று வந்ததற்குக் காரணம் இதுதான். சில் பழுது என்று அதற்கு அர்த்தமில்லை.

ஆக, ஒரே கணினியில் இரண்டு இடங்களில் இரண்டு பெயர் தெரிவது நடக்கக்கூடியதுதான். பிராசஸர் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் முதல் பக்கத்தில் ‘நேம்’ என்று ஒரு வரி, ‘ஸ்பெசிஃபிகேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். முதலாவது அந்த மென்பொருள் தன் பட்டியலைப் பார்த்துச் சொல்வது. இரண்டாவது பிராசஸர் தரும் பெயர்ச்சரம். பழைய பதிப்பு சிபியு-இசட்டை வைத்துக்கொண்டு புதிய பிராசஸரைப் பார்த்தால் முதல் வரி தப்பாக வரலாம். அதை வைத்து மதர்போர்டைக் குறை சொல்லக் கூடாது. லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளை பிராசஸரைக் கேட்டுச் சொல்லும். டிஎம்ஐடிகோட் கட்டளை பயாஸ் எழுதி வைத்த அட்டவணையைப் படித்துச் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் குழப்பம் பயாஸ் பக்கம் என்று பிடித்துவிடலாம்.

பெயர் மட்டும்தான் தப்பு. கோர் எண்ணிக்கை, கேஷ் (பிராசஸரின் உள் நினைவகம்) அளவு, வேலை செய்யும்போது எட்டும் வேகம் எல்லாம் சரி என்றால் அவசரமே இல்லை. ஓடுகிற கணினியை ஒரு பெயருக்காக அப்டேட் செய்யப் போய் போர்டையே இழப்பது வீண் வேலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதற்காக விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸின் அமைப்புத் தரவுகள் உள்ள ரெஜிஸ்ட்ரியில், பிராசஸரின் பெயர் இருக்கும் பகுதி வட்டில் நிரந்தரமாகச் சேமிக்கப்படுவதே இல்லை. ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் புதிதாக உருவாகிறது. பழைய பெயர் ‘ஒட்டிக்கொண்டு’ நிற்க அங்கே வழியில்லை.

வேகம் குறைவாகத் தெரிந்தால்

சும்மா இருக்கும்போது வேகம் 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குவது இயல்பு, அது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. ஏதாவது கனமான வேலை கொடுத்துவிட்டுத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும்.

வேலை கொடுத்தும் ஏறவில்லை என்றால், பெருக்கல் கணக்கைப் பாருங்கள். பிராசஸரின் வேகம் என்பது அடிப்படைக் கடிகாரத்தை ஒரு பெருக்கியால் பெருக்கி வருவது. இந்தக் கணக்கு எப்படிப் பெயரையே மாற்றிவிடும் என்பதற்கு 2003-இல் வந்த அத்லான் எக்ஸ்பி 2500+ நல்ல உதாரணம். அதன் பெருக்கி 11. பஸ் வேகம் (அதன் அடிப்படைக் கடிகாரம்) 166 மெகாஹெர்ட்ஸ் என்று அமைத்தால் 1833, அதாவது சரியான வேகம். போர்டில் 133 என்று இருந்தால் சுமார் 1466 வரும். அது 1700+ மாடலின் வேகம் என்பதால் பல போர்டுகள் அந்தப் பெயரையே காட்டின. பஸ் 100-இல் இருந்தால் வெறும் 1100. அதே சில்லை 200-இல் ஓட்டினால் 2200, திரையில் 3200+! சில் ஒன்றுதான், போர்டு வேகத்தைப் பார்த்துப் பெயரை ஊகித்தது. அங்கே பயாஸ் அப்டேட் செய்து ஒரு பயனும் இல்லை. போர்டில் பின்களை இணைக்கும் சிறு மூடியான ஜம்பரையோ, பயாஸ் அமைப்பையோ மாற்றினால் போதும். பழைய கணினிகளைத் தூசு தட்டி எடுத்து ஓட்டுகிறவர்கள் இதை இன்றும் சந்திப்பார்கள். பேட்டரி தீர்ந்த போர்டு ஒவ்வொரு முறையும் பஸ்ஸை 100-க்கே இறக்கிவிடுவதும் உண்டு.

இன்றைய போர்டுகளில் அடிப்படைக் கடிகாரம் பெரும்பாலும் 100-லேயே நிற்கிறது. ஆனால் பழைய பிராசஸருக்காகச் சேமித்து வைத்த ஓவர்கிளாக் (குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டும்) அமைப்பு தொல்லை தரலாம். புது சில்லைக் கண்டதும் பல போர்டுகள் அமைப்புகளைத் தாமே அழித்துக்கொள்ளும், அழிக்காதவையும் உண்டு. எனவே பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் சிமாஸை ஒருமுறை அழித்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். பவர் சப்ளை ஸ்விட்சை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, அப்புறம் ஜம்பரைப் போடுங்கள். அல்லது சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வையுங்கள். மின்சாரம் இருக்கும்போதே ஜம்பரைக் குறுக்கே போட்டுப் போர்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலை தொடங்கிய சில விநாடிகளில் வேகம் மளமளவென்று இறங்கினால் அது அடையாளப் பிரச்சினையே இல்லை. கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது போர்டின் மின்பகுதி அந்தச் சில்லைத் தாங்கவில்லை.

கோர்கள் குறைந்தால்

விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் பூட் பகுதிக்குள் பிராசஸர் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. ‘இதைச் செய்தால் கணினி வேகமாகும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு என்றோ ஒருநாள் அதில் 4 என்று வைத்திருப்பார்கள். உண்மையில் அது வரம்பு போடும் பெட்டி, வேகத்தைக் கூட்டாது. பிராசஸரை மாற்றினாலும் அந்த வரம்பு அப்படியே நிற்கும். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணித்தொடர்) உள்ள புது சில்லைப் போட்ட பிறகும் விண்டோஸ் நான்கைத்தான் காட்டும், பழி மதர்போர்டின் மேல் விழும். அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் சரி. பயாஸிலும் கோர்களை அணைக்கும் அமைப்பு இருக்கலாம், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சாக்கெட் ஒன்றுதானே என்று நம்புவது

சில் பொருந்தி உட்கார்ந்தாலே ஒத்துப்போகும் என்று நினைப்பது பெரிய தவறு. இன்டெல்லின் 6, 7, 8-ஆம் தலைமுறைகள் மூன்றுக்கும் எல்ஜிஏ 1151 சாக்கெட்தான். ஆனால் 100, 200 வரிசை போர்டுகள் 6, 7-க்கு; 8-ஆம் தலைமுறைக்கு 300 வரிசை வேண்டும். எல்ஜிஏ 1700-இல் நிலைமை மேல்: 12-ஆம் தலைமுறைக்காக வந்த 600 வரிசை போர்டுகள் 13, 14-ஐயும் ஏற்கும், ஆனால் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டுகளில் சிக்கல் இன்னொரு விதம். 16 எம்பி பயாஸ் சில்லில் எல்லாத் தலைமுறைகளின் நிரலையும் அடைக்க முடியாமல், புது பிராசஸரைச் சேர்க்கச் சில பதிப்புகளில் பழையவற்றின் ஆதரவை நீக்கினார்கள். புது பயாஸ் எப்போதும் எல்லாச் சில்லுக்கும் நல்லது என்று சொல்ல முடியாது.

நிறுவனத்தின் தளத்தில் அந்தப் போர்டுக்கான பிராசஸர் பட்டியல் இருக்கும். எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்பதும் அதிலேயே இருக்கும். போர்டின் ரிவிஷன் எண்ணை, பெட்டியில் பார்க்காமல் போர்டின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதில் பாருங்கள். ஒரே பெயரில் 1.0, 2.0 என்று வரும் போர்டுகளுக்கு பயாஸ் கோப்பு வேறாக இருக்கலாம்.

அப்டேட் செய்தே ஆக வேண்டும் என்றால்

பழைய பிராசஸர் கையில் இருந்தால் அதை மறுபடி போட்டு அப்டேட் செய்வதே பாதுகாப்பு. பாதி அடையாளம் தெரிந்த நிலையில், நடுவில் உறைந்துபோகிற கணினியில் பயாஸை எழுதுவது ஆபத்து. பழையது இல்லையென்றால், போர்டின் பின்புறம், பென்டிரைவிலிருந்து நேரடியாக பயாஸை எழுதும் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். அந்த வசதி இருந்தால் பெரும்பாலும் பிராசஸரே தேவைப்படாது, பவர் சப்ளை இணைப்பு போதும். ஃபேட்32 வடிவில் அமைத்த பென்டிரைவ், கையேடு சொல்லும் அதே கோப்புப் பெயர், குறித்த அதே யூஎஸ்பி துளை. பட்டன் வேலை செய்யவில்லை என்ற புகார்களில் கோப்புப் பெயர் பிசகியதும் துளை மாறியதும்தான் அதிகம். 2018-இல் ரைசன் 2000ஜி வரிசை வந்தபோது, பழைய பயாஸுடன் விற்ற போர்டுகளில் அது கிளம்பாமல் போக, அப்டேட் செய்து முடிக்கும் வரை பயன்படுத்த ஏஎம்டியே பழைய பிராசஸரை இரவல் அனுப்பியது. புது சில்லை வைத்தே எப்படியாவது சமாளித்துவிடலாம் என்பது எல்லா இடத்திலும் நடக்காது.

விண்டோஸுக்குள்ளிருந்து அப்டேட் செய்யும் மென்பொருளைத் தவிர்த்து, பயாஸுக்குள் இருக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். குறிப்புகளில் ‘முதலில் இந்தப் பதிப்பு, பிறகு அது’ என்று படிகள் சொல்லியிருந்தால் தாண்டக் கூடாது.

பலர் மறப்பது, வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியை. பிராசஸர் மாறினாலோ பயாஸ் மாறினாலோ, பிராசஸருக்குள் இயங்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பெட்டகத்தின் சாவிகள் செல்லாமல் போகலாம். ஏஎம்டி போர்டுகளில் ‘நியூ சிபியு இன்ஸ்டால்டு’ என்று தொடங்கி, எஃப்டிபிஎம்மை அழிக்க ஒய் விசையை அழுத்தச் சொல்லும் திரை இதனால்தான் வருகிறது. மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் வட்டில் உள்ளதைத் திறக்க முடியாமல் போகும். கழற்றும் முன்பே பிட்லாக்கரை இடைநிறுத்தி, சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

போர்டு சொல்வதே உண்மையாக இருந்தால்?

பிறர் பயன்படுத்திய பழைய பிராசஸரை வாங்கியவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. மேல்மூடியில் இருக்கும் எழுத்தைச் சுரண்டி வேறு மாடல் எண் பொறிக்க முடியும். உள்ளே இருக்கும் சிபியுஐடி எண்ணை அப்படி மாற்ற முடியாது. ‘ஜென்யூயின் இன்டெல் சிபியு 0000’ என்றோ ‘ஏஎம்டி எங் சாம்பிள்’ என்றோ பெயர் வந்தால் அது விற்பனைக்கு வராத சோதனைச் சில். எந்த பயாஸும் அதற்கு உறுதி தராது. கூலருக்கான பேஸ்ட் பூசும் முன்பு மேல்மூடியைத் தெளிவாக ஒரு படம் எடுத்து வையுங்கள். மூடி ஒரு பெயரையும், அந்த மாடலைப் பட்டியலில் கொண்ட வேறு ஒரு போர்டிலும் சிபியு-இசட் இன்னொரு பெயரையும் காட்டினால், அப்டேட் எதுவும் வேண்டாம். அந்தப் படத்தோடு சில்லை விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.