துப்பறியும் கதை வழியே ஆங்கில இறந்தகாலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பெங்களூருப் பிள்ளைகளுக்கு ஆங்கில இறந்தகால வினைகளைப் பழக்குவதற்குத் துப்பறியும் கதை மிகப் பொருத்தமான களம். நடந்து முடிந்த ஒன்றைத் தடயங்களைக் கொண்டு ஊகிப்பதுதான் அக்கதையின் வேலை என்பதால், இலக்கணமும் கதையும் தாமாகவே கைகோத்துக்கொள்கின்றன. ஆனால் பயிற்சி நடத்துவோர் பலர் திருடன் யார் என்ற ஆவலை மூட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். சாட்சி பேசும் வினைச்சொல்லும் ஒரு தடயமே என்பதைப் பிள்ளைகள் உணராவிட்டால், பொழுது இனிமையாகக் கழியுமே தவிர, மொழி கைவராது.

அல்சூரில் ஓர் அடுக்குமாடி வீடு. இரவு 8 மணிக்கு மின்சாரம் போய் 8.15-க்குத் திரும்பியபோது, பூஜை அறையில் இருந்த வெள்ளி விளக்கைக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாட்சி, “வென் தி லைட்ஸ் கேம் பேக், தி குக் லெஃப்ட்” என்கிறார். இன்னொருவர், “வென் தி லைட்ஸ் கேம் பேக், தி குக் ஹேட் லெஃப்ட்” என்கிறார். முதல் வாக்கியத்தின்படி, விளக்குகள் எரிந்த பிறகே சமையற்காரம்மா புறப்பட்டார். இரண்டாவதன்படி, விளக்குகள் எரிந்தபோது அவர் வீட்டிலேயே இல்லை. ‘ஹேட்’ என்ற ஒரு சொல் அவரைக் குறித்த சந்தேகத்தையே மாற்றிவிடுகிறது. இதை விதியாக ஒப்பிக்க வைப்பதைவிட, இரு வாக்குமூலங்களையும் அருகருகே எழுதி, “இவர்களில் யார் சொல்வது உண்மையானால் சமையற்காரம்மாவை விசாரிக்க வேண்டும்?” என்று கேட்பதே பலன் தரும்.

இதற்கு நேர்மாறாக, தேவையில்லாத இடத்தில் ‘ஹேட்’ சேர்க்கும் தவறும் நம்மவர்களிடம் மிகுதி. “நேற்று மைசூருக்குப் போயிருந்தேன்” என்று தமிழிலும், ‘ஹோகித்தே’ என்று கன்னடத்திலும் இயல்பாகச் சொல்லிப் பழகியவர்கள், “யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மைசூர்” என்று தொடங்கிவிடுகிறார்கள். பின்னால் நடந்த வேறொரு செயல் பேச்சில் இல்லாதபோது, ஆங்கிலத்துக்கு “ஐ வென்ட்” போதும். அதுபோலவே, “சாவி வைத்திருந்தார்” என்பதை “வாஸ் ஹேவிங் எ கீ” என்று சொல்லாமல் “ஹேட் எ கீ” என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்ற பொருளில் மட்டும் “வாஸ் ஹேவிங் டின்னர்” சரி.

ஊகத்தைச் சொல்லும் துணைவினைகளில்தான் குழப்பம் பெரிது. “வாட்ச்மேன் எடுத்திருக்க வேண்டும்” என்ற தமிழ் வாக்கியம், எடுத்தார் என்ற உறுதியான ஊகத்தையும் குறிக்கும், எடுப்பது அவருடைய கடமையாக இருந்தது என்பதையும் குறிக்கும். இடமறிந்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து வைத்திருப்பதால், ஊகத்துக்கு “மஸ்ட் ஹேவ் டேக்கன்” என்று வர வேண்டிய இடத்தில் “ஷுட் ஹேவ் டேக்கன்” என்று சொன்னால், திருடாமல் விட்டது அவர் குற்றம் என்பதுபோல் ஆகிவிடும். “எடுத்திருப்பார்” என்பதை அப்படியே “வுட் ஹேவ் டேக்கன்” ஆக்குவதும் பழகிப்போன வழக்கம். அது பெரும்பாலும், கதவு திறந்திருந்தால் எடுத்திருப்பார் என்ற நிபந்தனைப் பொருளுக்கே கேட்பவரை இழுத்துச் செல்லும்.

“மஸ்ட் ஹேவ்” என்பதற்கு எதிர்மறையாக, நடந்திருக்கவே முடியாது என்று சொல்ல “கான்ட் ஹேவ்” என்பதைப் பழக்குவது நல்லது. பக்கத்து வீட்டு அத்தை அந்தக் கால்மணி நேரமும் மொட்டை மாடியில் இருந்ததை நான்கு பேர் பார்த்திருந்தால், “ஷி கான்ட் ஹேவ் டேக்கன் இட்” என்பதே பொருந்தும். ஆதாரம் அரைகுறையாக இருக்கும்போது “மைட் ஹேவ்”, “குட் ஹேவ்” வர வேண்டும். எந்தத் துணைவினையானாலும் அதன் பின் ‘ஹேவ்’ மாறாது. ‘ஷி’ வந்தாலும் ‘ஹேஸ்’ ஆகாது, ‘கோ’ என்ற வினையானால் அதையடுத்து ‘கான்’ (gone) வருமே தவிர ‘வென்ட்’ வராது. வேகமான பேச்சில் ‘மஸ்டவ்’ என்று காதில் விழுவதை நம்பி, ‘ஹேவ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆஃப்’ என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் செய்யும் பிழை. ஆகவே எழுத்துப் பயிற்சியில் இதற்குத் தனிக் கவனம் தேவை.

கதையை அமைப்பதிலும் ஒரு பிழை நேர்கிறது. எல்லாத் தடயங்களும் ஒரே ஆளை நோக்கிக் கைகாட்டினால், “மைட் ஹேவ்” என்பதற்கு வேலையே இருக்காது. குறைந்தது மூன்று பேர் மீதாவது சந்தேகம் விழ வேண்டும். தடயங்களை ஒவ்வொன்றாகத் தர வேண்டும். ஒவ்வொரு தடயத்துக்குப் பிறகும் மாணவர்கள் தம் வாக்கியத்தைத் திருத்தி எழுத வேண்டும். முதலில் “தி வாட்ச்மேன் மைட் ஹேவ் டேக்கன் இட்” என்று எழுதியவர், அவர் அந்நேரம் வாசலில் தண்ணீர் லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்று தெரிந்ததும் “கான்ட் ஹேவ்” என்று மாற்றும்போது, ஊகத்தின் அளவு மாறுவதைத் தம் கையாலேயே எழுதிப் பார்க்கிறார்.

விடை வெளிப்பட்ட பிறகும் “மஸ்ட் ஹேவ்” என்றே தொடர விடுவது இன்னொரு தவறு. பாட்டியே விளக்கைத் துலக்குவதற்காக எடுத்து அலமாரியில் வைத்தார் என்று தெரிந்துவிட்டால், ஊகத்துக்கு அங்கே இடமில்லை. “கிராண்ட்மதர் டுக் இட்” என்று நேரான இறந்தகாலத்தில் அந்த 15 நிமிடத்துக் கதையை முதலிலிருந்து எழுதச் சொல்ல வேண்டும். ‘ஹேட்’ எங்கெங்கே உண்மையில் தேவைப்படுகிறது என்பதை மாணவர்கள் அப்போதுதான் தாமே கண்டெடுப்பார்கள்.