கிளாட் தேர்வு: பத்தியில் இருப்பதுதான் சட்டம்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதப்போகும் தம்பி தங்கைகளே, இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், பெரும்பாலும் நீளமான ஆங்கிலப் பத்திகளை ஒட்டி வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படித்து மூடிவிட்டு, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதுங்கள். புதுச்சேரியில் இருந்தால் ரோமன் ரோலண்ட் நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கலாம்.

சட்டப் பகுதியில் நம்மைச் சறுக்கவைப்பது நம் இரக்க குணம். 'அனுமதியில்லாமல் அடுத்தவர் இடத்தில் நுழைந்தாலே அத்துமீறல்' என்று பத்தி சொன்னால், பந்தை எடுக்க மதில் ஏறிக் குதித்த சிறுவனும் அத்துமீறியவன்தான். பாவம், சின்னப் பையன் என்று மனசு சொல்லும். அதைக் கேட்காதீர்கள். வெளியே படித்த சட்ட அறிவையும் உள்ளே கொண்டுவராதீர்கள். பத்தி தந்த விதியை மட்டும் பொருத்துங்கள். நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அப்புறம், தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறையும். நான்கு விடைகளில் இரண்டையாவது உறுதியாகத் தள்ள முடிந்தால் மட்டும் துணிந்து குறியுங்கள். மாதிரித் தேர்வையும் உண்மைத் தேர்வு தொடங்கும் பிற்பகல் 2 மணிக்கே எழுதிப் பழகுங்கள், சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கத்தைச் சமாளிக்கவும் அப்போதே பழகிவிடும்.