எத்தனை மீட்டர் என்பது இரண்டாவது கேள்வி: மிஷினுக்கும் ஜெனரேட்டருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

“ஒயர் எத்தனை மீட்டர் வேணும்?”

“அம்பது மீட்டர் போடுங்க அண்ணாச்சி.”

எலக்ட்ரிக் கடையில் எக்ஸ்டென்ஷன் வாங்கும் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். அந்த ஒயரில் என்ன மிஷின் ஓடப்போகிறது என்று கடைக்காரர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். எரிந்துபோன கட்டிங் மிஷின்களையும் கிரைண்டர்களையும் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது. பல நேரம் மிஷினில் ஒரு குறையும் இருக்காது. அதற்குக் கரண்ட் கொண்டுபோன ஒயர்தான் அதைக் கெடுத்திருக்கும்.

வீரவநல்லூரில் ஒரு புது வீட்டில் டைல்ஸ் வேலை நடந்தது. தற்காலிக மீட்டர் பெட்டி முன்னால் தெருவோரம், வேலை பின்கட்டு மாடியில். 50 மீட்டர் ஒயர் இழுத்திருந்தார்கள். மார்பிள் கட்டர் வேகம் பிடிக்காமல் அழுதுகொண்டே ஓடியது. வேலை பார்த்த தம்பி கையை வைத்து அழுத்தினார். அழுத்த அழுத்த வேகம் குறைந்து கடைசியில் புகை வந்தது. மிஷினுக்குள் சுற்றும் ஆர்மேச்சர் போய்விட்டது. அதன் காயிலை (செம்புக் கம்பிச் சுருளை) புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மூன்றாம் நாள் மறுபடியும் புகை. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன். பெட்டியில் 212 வோல்ட் இருந்தது. கட்டர் கல்லை அறுக்கும்போது ஒயரின் மறுமுனையில் 190தான். ஒயர் 0.75 ஸ்கொயர், அதாவது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு 0.75 சதுர மில்லிமீட்டர்; இந்த எண் கூடக் கூட ஒயர் தடிக்கும். கையை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. காணாமல் போன 22 வோல்ட்டும் அந்தச் சூட்டில்தான் கரைந்திருந்தது.

கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்கால் குறுகலாக இருந்து தூரமும் அதிகமானால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. ஒயரும் அப்படித்தான். தடிமனும் நீளமும் சேர்ந்துதான் கணக்கு. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கேட்பதுதான் முதல் தவறு.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2200 வாட் 7 இஞ்ச் கிரைண்டர் ஏறக்குறைய 10 ஆம்ப்ஸ் இழுக்கும். 50 மீட்டர் ஒயர் என்றால் கரண்ட் போவதற்கு 50, திரும்பி வருவதற்கு 50, ஆக 100 மீட்டர் செம்பு. இந்தத் திரும்பி வரும் 50-ஐ நிறையப் பேர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 0.75 ஸ்கொயர் ஒயரில் 26 வோல்ட் இழப்பு. 1 ஸ்கொயரில் 19 முதல் 20 வோல்ட். ஒண்ணரை (1.5) ஸ்கொயரில் 13. ரெண்டரையில் (2.5) 8. 230 வோல்ட்டில் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 11.5 வோல்ட்டுக்கு மேல் ஒயரில் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்துக்கு அந்த மிஷினுக்கு ரெண்டரைதான் சரி. சாயங்கால நேரம் லைனே 200-க்கு இறங்கும் ஊர்களில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

நான் கைக்கொள்ளும் வழக்கத்தைச் சொல்கிறேன். சின்ன டிரில்லும் 4 இஞ்ச் கிரைண்டரும் 15 மீட்டருக்குள் என்றால் 1 ஸ்கொயர் போதும். மார்பிள் கட்டருக்கு 30 மீட்டர் வரை ஒண்ணரை. கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர், பெரிய கிரைண்டர், அல்லது தூரம் 50 மீட்டர் என்றால் ரெண்டரைக்குக் குறைந்து வாங்க மாட்டேன். வெல்டிங் மிஷினுக்கு மட்டும் பொதுவாக ஒன்று சொல்ல மாட்டேன். அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை ஆம்ப்ஸ் என்று படித்த பிறகுதான் ஒயர் வாங்க வேண்டும்.

வோல்ட்டேஜ் குறைந்தால் மிஷின் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். கார்பன் பிரஷ் வைத்த கை மிஷின்களில் வலு குறையும். வலு குறைந்ததும் ஆள் அழுத்துவார். வேகம் இறங்கினால் உள்ளே காற்றுக் கொடுக்கும் விசிறியும் சேர்ந்து இறங்கும். சூடு வெளியேறாமல் காயில் கருகும். தண்ணீர் மோட்டாரும் கம்ப்ரசரும் வேறு மாதிரி. வோல்ட்டேஜ் குறைந்தால் அவை முன்னைவிட அதிக ஆம்ப்ஸ் இழுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓட்டக் கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு கேட்கும். மெல்லிய ஒயரில் அது கிடைக்காமல் உறுமிக்கொண்டே நின்று எரிந்துபோகும்.

“எம்சிபி இருக்குல்லா, சூடானா விழுந்துரும்” என்று சொல்லாத ஆளே இல்லை. எம்சிபி என்பது கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் சுவிட்ச். போர்டில் இருப்பது 16 அல்லது 20 ஆம்ப்ஸ் எம்சிபி. அது சுவருக்குள் போகும் ஒயருக்குப் பொருத்தமாகப் போட்டது. நீங்கள் சொருகிய 0.75 ஒயர் 10 ஆம்ப்ஸில் வெந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

இதோடு சேர்த்துத்தான் சுருட்டி வைக்கும் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேலை 10 மீட்டரில் முடிகிறது, மீதி 40 மீட்டரும் உருளையிலேயே கிடக்கிறது. மேலே சொன்ன 50 மீட்டர் 0.75 ஒயரில் 10 ஆம்ப்ஸ் ஓடினால் ஒயருக்குள் மட்டும் 260 வாட் சூடு உண்டாகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டரை எரிவதற்குச் சமம். விரித்துப் போட்டால் காற்றில் கலைந்துவிடும். சுருளுக்குள் அதற்குப் போக இடமில்லை. சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி வரைதான். கத்திரி வெயிலில், மொட்டை மாடியில், தரையே சுடும்போது அந்த 70 ரொம்பத் தூரத்தில் இல்லை. தேவை 10 மீட்டரானாலும் முழுவதையும் உருவி விரித்துப் போட்டுவிட்டுத்தான் மிஷினைப் போட வேண்டும்.

சரி, ரெண்டரை என்று கேட்டு வாங்கியாயிற்று. உள்ளே இருப்பது செம்புதானா? அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய ஒயர் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. வெட்டிய முனையைப் பார்த்தால் சிவப்பாகத்தான் தெரியும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இதில் ஒரு சங்கதி உண்டு. மேலே வெள்ளையாக இருந்து சுரண்டினால் உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, அதை வாங்கலாம். இன்னொரு சோதனை தராசு. மூணு கோர் (உள்ளே மூன்று தனித்தனி ஒயர்) ரெண்டரை ஒயர் 50 மீட்டரில் செம்பு மட்டுமே மூன்று கிலோவுக்குக் குறையாது, உறையின் எடை தனி. ஒரு கையால் அலட்சியமாகத் தூக்க முடிகிறது என்றால் அதில் செம்பு இல்லை, அல்லது ரெண்டரை இல்லை. ஐஎஸ்ஐ முத்திரையும் ஸ்கொயர் அளவும் ஒயரின் மேலேயே நெடுக அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் இருப்பதை நம்ப வேண்டாம்.

பிளக் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். சின்ன மூணு பின் பிளக் 6 ஆம்ப்ஸ், ஏறத்தாழ 1380 வாட் வரைதான். பெரியது 16 ஆம்ப்ஸ், 3680 வாட். ஒயர் எவ்வளவு தடியாக இருந்தாலும் முனையில் 6 ஆம்ப்ஸ் பிளக்கை மாட்டினால் அங்கேதான் உருகும். வேலை தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து மிஷினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஏதோ தவறு இருக்கிறது. பிளக்கே இல்லாமல் ஒயரின் நுனியைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்குவதை இன்றைக்கும் கட்டட வேலையில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

எர்த் இல்லாத ரெண்டு கோர் ஒயரை வாங்குவதும் அதே அளவு ஆபத்து. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும் மிஷின்கள் இரட்டைக் காப்பு உள்ளவை, அவற்றுக்கு எர்த் தேவையில்லை. ஆனால் அதே எக்ஸ்டென்ஷனில் நாளைக்குத் தண்ணீர் மோட்டாரையோ இரும்பு உடம்புள்ள மிக்சரையோ மாட்டுவீர்கள். அதனால் எப்போதும் மூணு கோர்தான். வாழைத் தோட்டத்திலும் ஈரத் தரையிலும் வேலை என்றால், ஒயர் சொருகும் லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே விழும் சுவிட்ச், இருந்தாக வேண்டும். இரண்டு ஒயரைச் சேர்க்கும் இடத்தைத் தரையில் போடாமல் உயரத்தில் தொங்கவிடுங்கள். டேப் சுற்றிய முடிச்சு தண்ணீரைத் தடுக்காது.

ஜெனரேட்டருக்கு வருவோம். கோயில் கொடைத் திருவிழா என்றால் நம் பக்கம் ஜெனரேட்டர் இல்லாமல் நடக்காது. சத்தம் கேட்கக் கூடாது என்று தள்ளி நிறுத்துவார்கள். அது சரியான காரியம். ஆனால் தள்ளி நிறுத்திய தூரத்துக்குத் தகுந்த தடி ஒயர் போட மாட்டார்கள். மைக்செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் பிரியாணி அடுப்பின் புளோயருக்கும் ஒரே மெல்லிய ஒயர் போகும். சின்ன ஜெனரேட்டர் என்றால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதில் வீட்டு லைன் மாதிரி நியூட்ரல் (கரண்ட் திரும்பி வரும் ஒயர்) எர்த்தோடு இணைந்திருக்காமல் போகலாம். அப்போது ஆர்சிசிபி இருந்தும் விழாது. வயரிங் தெரிந்த ஆளை வைத்து அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி நெல்லை ஜங்ஷனுக்குள்ளேயே வந்தது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டருக்கு அலைந்தார்கள். மழைக்குப் பயந்து அதை வீட்டு முன்பக்கத் தார்சாவிலும் மாடிப்படிக்கு அடியிலும் வைத்து ஓட்டியவர்களை நான் பார்த்தேன். ஒயர் எட்டாததுதான் அதற்குச் சொன்ன காரணம். ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், மேலே மட்டும் மறைப்புப் போட்டு வைக்க வேண்டும். அதற்கு எட்டுகிற நீளத்தில் தடியான ஒயர் வீட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு கடை திறந்திருக்காது.

கடைசியாக, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை வீட்டுச் சாக்கெட்டில். வீடு முழுக்க லைட் எரியும் என்று செய்து தரச் சொல்லி என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நான் ஒருபோதும் செய்து தந்ததில்லை. ஒரு முனை கழன்றால் பித்தளைப் பின்னில் 230 வோல்ட் வெளியே நிற்கும், குழந்தை தொட்டால் போயிற்று. மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் அந்தக் கரண்ட் தெரு லைனுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகக்கூட மாறலாம். லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவர் நமக்கு வெளிச்சம் கொடுக்க வந்த ஈபிக்காரர். வீடு முழுக்கக் கரண்ட் வேண்டுமென்றால், தெரு லைனும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் வீட்டோடு சேராமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். அதுவரை ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் ஜெனரேட்டரிலிருந்து நேராகத் தனி எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி இரட்டைப் பிளக் ஒயர் பரணில் எங்காவது கிடந்தால், இன்றைக்கே எடுத்து ஒரு முனையை வெட்டிவிடுங்கள்.