முன்னாள் படைவீரர் இறந்தபின் ஓய்வூதிய நிலுவையைப் பெறுவது எப்படி?

ராணுவ ஓய்வூதியர் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு வகைப் பணம் வரவேண்டும். இறந்த நாள் வரை சேர்ந்து, கைக்கு வராமல் நின்ற தொகை ஒன்று; இதை எல்.டி.ஏ., அதாவது வாழ்நாள் நிலுவை என்பார்கள். மறுநாள் முதல் மனைவிக்குத் தொடங்கும் குடும்ப ஓய்வூதியம் மற்றொன்று. இரண்டாவது வரத் தொடங்கியதும் முதலாவதை மறந்துவிடாதீர்கள்.

முதல் படி: இறப்பைத் தெரிவிப்பது. பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷிலேயே தெரிவிக்கலாம். கணினி பழக்கமில்லாதவர்கள் ஸ்பர்ஷ் சேவை மையத்துக்கோ, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ போகலாம். அதுவரை அவருடைய ஏடிஎம் அட்டையைத் தொடாதீர்கள். மார்ச் 17-இல் இறந்தார் என்றால், அன்று வரையிலான ஓய்வூதியம்தான் அவருடையது. 18-ஆம் தேதி முதல் குடும்ப ஓய்வூதியக் கணக்கு. தகவல் தெரியாமல் ஏப்ரல், மே மாதங்களுக்கும் பணம் வந்திருந்தால், அது திரும்பப் பிடிக்கப்படும். எடுத்துச் செலவழித்திருந்தால் தலைவலி உங்களுக்குத்தான்.

இரண்டாவது, ஆவணங்கள். இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, படையிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகம், மனைவியின் ஆதார், பான், வங்கிப் புத்தகம். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் அலைச்சல் குறையும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ‘முத்துலட்சுமி’, ஆதாரில் ‘லட்சுமி’ என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிறந்த தேதிக்கும் இதே கதிதான். படைப்பிரிவின் ரெக்கார்ட் அலுவலகத்துக்கு எழுதித் திருத்த வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது குன்னூர் அருகே வெலிங்டனில் இருக்கிறது. கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். அவர் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பே வேறு.

மூன்றாவது, நிலுவை யாருக்கு என்பது. நியமனதாரர் (நாமினி) பெயர் பதிவாகியிருந்தால் அவருக்கே. இல்லையென்றால் சட்டப்படியான வாரிசுகளுக்கு. தமிழ்நாட்டில் இதற்குத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கலாம். குடும்ப ஓய்வூதியம் வாரிசுகளுக்குள் பங்கு போடும் சொத்து அல்ல; மனைவி இருக்கும்போது பிள்ளைகள் அதில் பங்கு கேட்க முடியாது.

பணம் வந்ததும் கணக்கைச் சரிபாருங்கள். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தில் 2019 ஜூலை 1 முதல் நடந்த திருத்தத்தின் நிலுவை போல, அவர் உயிரோடு இருந்த காலத்துக்குரிய எந்தத் தொகை பாக்கி இருந்தாலும் எல்.டி.ஏ.வில் சேர வேண்டும். சேரவில்லை என்றால் ஸ்பர்ஷில் குறை பதிவு செய்து, அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.