சிறார் நாவலும் கிறிஸ்தவ விசுவாசமும்: எழுதுவோரும் வாசிப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

8 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ நோக்கில் நாவல் எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள்: கதை பிறக்கும் முன்பே போதனையை முடிவுசெய்துவிடுகிறார்கள். 'மன்னிப்பு' என்று தாளின் மேலே எழுதிக்கொண்டு, அதை நிரூபிப்பதற்காகவே ஒரு சிறுமியையும் அவளோடு சண்டையிடும் தோழியையும் படைத்தால், அவ்விருவருக்கும் சொந்தமாக ஓர் ஆசையோ அச்சமோ இருப்பதில்லை. வாசிக்கும் பிள்ளை இரண்டாம் அத்தியாயத்திலேயே முடிவை ஊகித்துவிடும்.

வேதாகமத்தில் கதை சொல்லப்படும் விதமோ வேறு. தாவீது அரசனிடம் அனுப்பப்பட்ட நாத்தான் தீர்க்கதரிசி, அரசனுடைய பாவத்தைப் பற்றி எடுத்தவுடன் பேசவில்லை. ஏழை ஒருவன் மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட ஐசுவரியவானின் கதையைச் சொன்னார். அதைக் கேட்டுக் கொதித்த அரசன் தன் வாயாலேயே தீர்ப்புச் சொன்ன பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்ற சொல் வருகிறது. வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த இளைய மகனைத் தந்தை விருந்து வைத்து வரவேற்கும் கெட்ட குமாரன் உவமையிலோ, அதற்காகக் கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்த மகன் கடைசியில் விருந்துக்குள் வந்தானா என்பதை இயேசு சொல்லவே இல்லை. அந்த முடிவு கேட்பவரிடம் விடப்படுகிறது. இந்தத் துணிவு நம் சிறார் நாவல்களில் அரிதாகவே தென்படுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

சிறாருக்கான 'நார்னியா' கற்பனைக் கதை வரிசையின் முதல் நூலை 1950இல் வெளியிட்ட கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், அக்கதை போதனையிலிருந்து தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். குடையும் பொட்டலங்களும் ஏந்திப் பனிபடர்ந்த காட்டில் நடக்கும் பாதி ஆடான ஓர் உருவம் ஏறக்குறைய பதினாறு வயதிலிருந்தே அவர் மனத்தில் இருந்தது. கதை அதிலிருந்து வளர்ந்தது. எழுதுகிறவர் விசுவாசத்தில் வேரூன்றியிருந்தால் அது கதைக்குள் தானே வந்து சேரும் என்று நம்பலாம்.

அடுத்த தவறு, ஜெபத்தைக் கதையின் சிக்கலை அவிழ்க்கும் கருவியாக்குவது. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பையன் முழங்காலிட, இருபதாம் அத்தியாயத்தில் தாயின் நோய் நீங்கிவிடுகிறது. உண்மையிலேயே ஜெபித்தும் தாயை இழந்த பிள்ளை இதை வாசித்தால், தன் ஜெபத்தில்தான் குறை இருந்தது என்று எண்ணிக்கொள்ளும். இதைவிடக் கொடிய பாடம் வேறில்லை. ஆறுதல் வார்த்தை எதுவுமின்றி முடியும் 88ஆம் சங்கீதத்துக்கு வேதாகமத்தில் இடம் இருக்கிறது என்றால், பதில் கிடைக்காத ஒரு ஜெபத்துக்குச் சிறார் நாவலிலும் இடம் உண்டு. மிஷனரிகளின் மகளான அமெரிக்கச் சிறார் எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சன் 1977இல் வெளியிட்ட 'Bridge to Terabithia' நாவலில், தோழியை இழந்த சிறுவன் அவள் நரகத்துக்குப் போவாளோ என்று அஞ்சித் தந்தையிடம் கேட்கிறான். பிள்ளைகள் உண்மையிலேயே கேட்கும் கேள்வி அது.

சிக்கலைப் போதகரோ பாட்டியோ வந்து தீர்த்துவைப்பதும் இதே போன்ற தவறுதான். இந்த வயதினருக்கான நாவலில் முடிவெடுக்க வேண்டியது பிள்ளையே. பதினொரு வயதுப் பையன் பிரசங்க மொழியில் பேசுவதையும், விசுவாசமில்லாதவர் அனைவரும் கெட்டவர்களாக வருவதையும் திருத்தும்போது தயங்காமல் நீக்கிவிட வேண்டும்.

வாசிப்பவர்களிடமும், குறிப்பாகப் பெற்றோரிடமும் ஞாயிறுபள்ளி ஆசிரியர்களிடமும், தவறுகள் உண்டு. மந்திரம் என்ற சொல்லைக் கண்டவுடன் நூலை மூடிவிடுகிறவர்கள், பிறரை அடக்கி ஆளும் ஆற்றலை அந்தக் கதை கொண்டாடுகிறதா அல்லது அதன் கேட்டைக் காட்டுகிறதா என்று பார்ப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, கிறிஸ்தவப் பதிப்பகத்தின் முத்திரை இருந்தாலே போதும் என்று படித்துப் பார்க்காமல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பெருமையையும் பழிவாங்கலையும் வசனங்களால் போர்த்திய கதை அந்த முத்திரையோடும் வரக்கூடும். நூலைப் பெரியவர் முதலில் முழுவதும் வாசிப்பதே நல்லது. பிள்ளை படித்து முடித்த பிறகு, "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று தேர்வு வைக்காமல், "அவன் ஏன் அப்போது பொய் சொன்னான் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம்.