எஸ்எஸ்சி ஆங்கிலக் கேள்விகள்: இலக்கணமும் பத்தியும், முதல் முறை எழுதுபவர்களுக்கு

மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்எஸ்சி (பணியாளர் தேர்வாணையம்), பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நடத்தும் சிஎச்எஸ்எல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் போகும். தமிழ் வழியில் படித்தவர்கள் பலர் இந்தப் பகுதியைப் பார்த்ததுமே ஒதுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒதுங்காதீர்கள். இதில் நிறைய கேள்விகள் பள்ளியில் படித்த இலக்கணம்தான்.

முதலில் பிழை கண்டுபிடிக்கும் கேள்வி. வாக்கியத்தில் வினைச்சொல் எது என்று பாருங்கள். அப்புறம் அதன் எழுவாயைத் தேடுங்கள். 'ஒன் ஆஃப் த பாய்ஸ் ஆர் ஆப்சென்ட்' என்று இருக்கிறது. பக்கத்திலேயே 'பாய்ஸ்' நிற்பதால் 'ஆர்' சரி மாதிரி தெரியும். ஆனால் வராத பையன் ஒருவன்தானே? 'ஆஃப் த பாய்ஸ்' என்பதை மனதுக்குள் மறைத்துவிட்டுப் படியுங்கள். 'இஸ்' தானாக வந்துவிடும்.

அடுத்து காலம். 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சொல்லிவிடும். அதனால் 'டிட் நாட் வென்ட்' தப்பு, 'டிட் நாட் கோ' சரி. 'சின்ஸ்' தொடங்கிய நேரத்துக்கு, 'ஃபார்' எவ்வளவு காலம் என்பதற்கு: 'சின்ஸ் 2019', 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்'.

இனி பத்தி. கேள்விகளை முதலில் ஒருமுறை வாசியுங்கள், பிறகு பத்திக்குப் போங்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் தெரியாத சொற்கள் அவ்வளவாக மிரட்டாது. ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் ஒரு வரியாவது ஆதாரமாக இருக்க வேண்டும். இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு சின்ன உதாரணம்:

'ரவி லெஃப்ட் த ஷாப் அட் சிக்ஸ். ஹிஸ் பிரதர் ஸ்டேய்ட் டில் எய்ட்.'

கேள்வி: கடையை யார் பூட்டியது? கை உடனே 'பிரதர்' பக்கம் போகும். ஆனால் தம்பியோ அண்ணனோ எட்டு மணி வரை இருந்தார் என்பது மட்டும்தான் பத்தியில் இருக்கிறது. பூட்டியதைப் பற்றிப் பேச்சே இல்லை. 'பத்தியில் சொல்லப்படவில்லை' என்ற விடை இருந்தால் அதுதான் சரி.

'ஆல்வேஸ்', 'நெவர்', 'ஒன்லி' உள்ள விடைகளைத் தேர்ந்தெடுக்கும் முன் பத்தியை இன்னொரு முறை பாருங்கள். பத்தி 'சம்டைம்ஸ்' என்றால், 'ஆல்வேஸ்' என்ற விடையை அடித்துவிடலாம்.